திருமுக்கூடல் பள்ளி

உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. ஆங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், கி.பி. 1069-ஐ ஒட்டிய வீரராசேந்திர சோழனது கல்வெட்டால் பழைய பள்ளியொன்றின் செய்தி அறியக் கிடக்கின்றது.

இருக்கு வேதம் ஓதுவார் 10 பேர், யசுர் வேதம் ஓதுவார் 10 பேர், இலக்கணம் கற்பார் 20 பேர் என மாணாக்கர் தொகை வகுக்கப்பட்டுள்ளது. அன்னார்க்கு உணவும், படுக்கப் பாயும், இரவில் விளக்கும், சனிக்கிழமைதோறும் முழுக்குக்கு எண்ணெயும் அளிக்கப்பெற்றன. நோயுற்றால் 15 படுக்கைகளுடைய வீரசோழன் என்னும் ஆதுலர்சாலை இருந்தது. அதில் மருத்துவரும், அறுவை செய்வாரும், மூலிகை கொணர்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் பணிபுரிந்தனர். உடலை ஓம்பாது அறிவை வளர்த்தல் இயலாதென்பதை அக்காலத்தார் நன்குணர்ந்திருந்தனர்.

இவ்வளவுக்கும் பொருளளித்தது வயலைக்காவூரின் வரியாகும். உழுதவர் விளைத்த நெல்லும் அவ்வரியில் அடங்கிற்று. ஆயின் உழுதவர் மக்களுக்கு அப்பள்ளியில் இடமில்லை, பெண்மக்களுக்கும் இல்லை. பழம்பெருமை பேசும் நாம் இக்குறையை மறைத்தல் அறமன்று.

இந்நாள் உயர்நிலைப் பள்ளியின் வாயில் எல்லார்க்கும் திறந்துள்ளது. வகுப்பறையோடு விளையாட்டு வெளியும் அங்குண்டு. ஆதலின் அன்பர்காள், அறுவடைக் காலத்திலும் நம் மக்களைப் பள்ளியினின்று நிறுத்தற்க. பெண்மக்களைப் பாதியில் மீட்டுக்கொள்ளற்க. அவர்கள் மாலையில் ஓடியாடுதலையும் வீண்பொழுதென்று தடுத்தற்க. திருமணச் செலவிற் சிறிது குறைத்து, தொலைவூர் மாணவர் விடுதிக்கு அரிசியும் எண்ணெயும் ஈவோமாயின், திருமுக்கூடலின் நன்மை நிலைக்கும். அதன் குறையும் தீரும்.