பட்டமில்லாத பேராசிரியரும் அவரது மகளும்

சமூகக் கொள்கை, பொதுக்கொள்கைத் துறையில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய விரும்பும் இளம் ஊடகவியலாளர் ஒருவர் அண்மையில் என்னைச் சந்தித்தார். மலையகத் தோட்டக் குடியிருப்புகளில் பெண்கள் தண்ணீர் எடுப்பதற்கு நாளொன்றில் எவ்வளவு நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்பதை ஆராய்வதே அவரது எண்ணம். அது வீட்டு விடயமே தவிர கொள்கை விடயமல்ல என்று கூறி, மூத்த விரிவுரையாளர் ஒருவர் வேறு தலைப்போடு வரும்படி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"சேர், இது கொள்கை இல்லையென்றால் வேறு எது கொள்கை?" என்று அவர் கேட்டார். அவருக்கு அன்று கூறிய ஒரு தந்தையினதும் மகளினதும் வரலாற்றைச் சற்று விரிவாக இங்கே பதிவு செய்கிறேன்.

சமூகக் கொள்கை என்பதைப் பல்கலைக்கழகப் பாடநெறியாக நிலைநிறுத்தியவர் ரிச்சர்ட் டிட்மஸ். 1907 இல் இங்கிலாந்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதளவில் பாடசாலையை விட்டு, கணக்குப்பதிவு பயின்று, பதினெட்டு வயதில் காப்புறுதிக் கம்பனியொன்றில் லிகிதராகச் சேர்ந்தார். பதினாறு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் பட்டம் பெறவில்லை.

ஆயினும் காப்புறுதி அலுவலகமே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று எனலாம்.  பகலில் கம்பனியில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் இறப்புப் புள்ளிவிபரங்களை அவர் ஒரு கேள்வியுடன் பார்த்தார். இங்கிலாந்தின் வடபகுதியிலும் வேல்ஸிலும் வாழும் ஏழைகள், தென்கிழக்கில் வாழும் வசதிபடைத்தோரைவிட ஏன் முந்தி இறக்கிறார்கள்? 1938 இல் வெளியான 'வறுமையும் சனத்தொகையும்' என்ற நூல் அக்கேள்வியிலிருந்து பிறந்தது. 1943 இல் வெளிவந்த அடுத்த நூலில், குழந்தை இறப்பு வீதம் தந்தையின் வர்க்கத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதைக் காட்டினார்.

பின்னர் இரண்டாம் உலகப்போர்க்கால சமூக சேவைகளின் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 'சமூகக் கொள்கையின் பிரச்சினைகள்' என்ற அந்த நூல் 1950 இல் வெளிவந்தது. குண்டுவீச்சினால் உடற்காயமடைவோரைவிட மனநிலை பாதிக்கப்படுவோரே அதிகமாக இருப்பர் எனப் போருக்கு முன்னர் நிபுணர்கள் மதிப்பிட்டிருந்தனர். அவ்வாறு நிகழவில்லை என்பதை டிட்மஸ் ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். 1939 செப்டெம்பரில் நகரங்களிலிருந்து அரசாங்கத் திட்டத்தின்கீழ் வெளியேற்றப்பட்ட சுமார் 15 இலட்சம் தாய்மாரும் பிள்ளைகளும், அதுவரை கண்ணில் படாதிருந்த வறுமையைக் கிராமத்து வீடுகளின் வாசலுக்கே கொண்டுவந்ததை விபரித்தார். போர்க்கால ஒற்றுமையே சமூகநல அரசுக்கு வழிவகுத்தது என்ற அவரது முடிவைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் பலர் கேள்விக்குட்படுத்தியுள்ளனர். அதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் அந்த நூலின் பெறுமதி அதன் முடிவில் மட்டும் தங்கியிருக்கவில்லை.

அதே 1950 இல் லண்டன் பொருளியல் கல்லூரி அவரைச் சமூக நிர்வாகத் துறையின் முதலாவது பேராசிரியராக நியமித்தது. பட்டமே பெறாத ஒருவர், பிறருடைய கலாநிதிப் பட்ட ஆய்வுகளை வழிநடத்தும் கதிரையில் அமர்ந்தார். இன்று எமது பல்கலைக்கழகங்களில் இது நடக்குமா என்று கேட்டால் வாசகர்கள் சிரிப்பார்கள்.

இதுவரை டிட்மஸ் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு முக்கியமாகப்படுவது இதற்குப் பின்னால் உள்ளது.

1952 இல் பெண்களின் நிலை பற்றி அவர் ஓர் உரை நிகழ்த்தினார். 1890களில் தொழிலாளர் வர்க்கத் தாயொருத்தி கர்ப்பத்திலும் கைக்குழந்தைப் பராமரிப்பிலும் சுமார் 15 ஆண்டுகளைக் கழித்தாள் என்றும், தமது காலத்தில் அது சுமார் 4 ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது என்றும் அதில் எடுத்துக்காட்டினார். அந்த 15 ஆண்டுகளைக் கணக்கிட்டவர், அதே பெண் நாள்தோறும் சமையலறையிலும் துணிதுவைப்பதிலும் செலவிட்ட மணித்தியாலங்களைக் கணக்கிடவில்லை.

அதைக் கணக்கிட்டவர் அவரது மகள் ஆன் ஓக்லி. 1944 இல் பிறந்து, ஒக்ஸ்போர்ட்டில் பட்டம் பெற்று, திருமணமாகிப் பிள்ளைகளுடன் வீட்டில் இருந்த காலத்தில் வீட்டுவேலையையே தமது கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அதை ஓர் ஆய்வுப் பொருளாக ஏற்கச் செய்வதே பெரும்பாடாக இருந்ததென அவரே பின்னர் எழுதியுள்ளார். தந்தைக்குப் பட்டமின்றித் திறந்த கதவு, அடுத்த தலைமுறையில் பட்டத்தோடு வா என்றது. பட்டத்துக்கு வந்தவரிடம் தலைப்பை மாற்று என்றது.

அவர் மாற்றவில்லை. லண்டனில் 40 இளம் தாய்மாரை நேர்கண்டார். வீட்டுவேலையை வேலையாகவே கருதி, தொழிற்சாலைத் தொழிலாளரிடம் கேட்கும் கேள்விகளையே அவர்களிடமும் கேட்டார். சலிப்பு எவ்வளவு, நேர நெருக்கடி எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்பன அவை. சராசரி 77 மணித்தியாலங்கள் என்பது கிடைத்த விடை. மிகக் குறைந்தது 48. வெளியே முழுநேர வேலையும் பார்த்த பெண்ணினுடையது அது. மிகக் கூடியது 105. நாற்பது பேரில் 28 பேர் அவ்வேலையில் அதிருப்தி கொண்டிருந்தனர். 1974 இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. டிட்மஸ் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

தந்தைமீது மகளுக்கு இருந்த மதிப்பு கண்மூடித்தனமானதல்ல. 1950களில் டிட்மஸின் துறையில் சமூகப்பணி கற்பித்த பெண்களுக்கும் அவருக்கும் முரண்பாடு முற்றி, ஐலீன் யங்ஹஸ்பன்ட் அங்கிருந்து வெளியேற நேர்ந்த விவகாரத்தை 2014 இல் எழுதிய நூலில் அவர் மறைக்காமல் ஆராய்கிறார். 1996 இல் வெளியான மற்றொரு நூலில், பெற்றோர் விட்டுச்சென்ற கடிதங்களையும் தாள்களையும் கொண்டு தாயார் கேயின் வாழ்க்கையை மீட்டெடுக்கிறார். வேலையற்றோர் மத்தியில் பணியாற்றிய கே, 1937 இல் டிட்மஸை மணந்தவர். 'வறுமையும் சனத்தொகையும்' நூலுக்குப் பின்னால் அவரது உழைப்பும் இருந்தது.

இளம் நண்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். புறப்படும்போது, அந்த 77 மணித்தியாலங்களை ஓக்லி எப்படிக் கணக்கிட்டார், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சமைத்தால் அது ஒரு மணித்தியாலமா இரண்டா என்று கேட்டார். நூலைத் தேடி வாசிக்கச் சொன்னேன். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, அதே தலைப்புடன் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருப்பதாகத் தெரிவித்தார்.