முறிந்ததைச் சேர்க்கும் கலை

வட தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, செஞ்சியை அடுத்த அவலூர்பேட்டையிலும் எலும்பு முறிந்தால் பலர் நினைவுக்கு முதலில் வருவது புத்தூர்க் கட்டுதான். ஆந்திரத்தின் புத்தூரில் தோன்றிப் பெயர் பெற்ற இம்முறையில் பச்சிலை மருந்தும் முட்டை வெண்கருவும் தடவித் துணி சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டுவர்.

முட்டை வெண்கரு என்றதும் நமக்கு ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நினைவுக்கு வருகிறது. அந்நகரை அடுத்து வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (கி.பி. 936–1013), முப்பது பகுதிகள் கொண்ட தமது 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில் எலும்பு முறிவை விரிவாக ஆராய்ந்துள்ளார். மாவரைக்கும் ஆலையின் சுவரில் படியும் நுண்மாவை வெண்கருவில் குழைத்துப் பூசுமாறு அவர் கூறுகிறார். புத்தூருக்கும் குர்துபாவுக்கும் உறவு உண்டென வாதிடுவது நம் நோக்கமன்று. உலர்ந்தால் இறுகும் பொருளை எந்நாட்டவரும் தேடியிருப்பர். டச்சு இராணுவ மருத்துவர் மத்தேய்சன் மாவுக்கட்டைக் கண்டறிந்ததோ 1851இல்தான்.

அரபியில் 'ஜப்ர்' என்றால் முறிந்ததைச் சேர்த்தல். கணித மேதை அல்குவாரிஸ்மி தம் நூலுக்கு இட்ட 'அல்ஜப்ர்' என்னும் பெயரே அல்ஜீப்ரா ஆயிற்று. ஸ்பானிய மொழியிலோ 'அல்ஜெப்ரிஸ்தா' என்னும் சொல் நெடுங்காலம் எலும்பு கட்டுபவரையும் குறித்து வந்தது!

எலும்பு கட்டுவதில் அப்படி என்ன நுட்பம்? நமது கை ஒரு நெம்புகோல். முழங்கையிலிருந்து உள்ளங்கை ஏறத்தாழ 35 செ.மீ. தொலைவில் இருக்க, கையை மடக்கும் தசையோ 4 அல்லது 5 செ.மீ. தொலைவிலேயே எலும்பைப் பற்றியிருக்கிறது. எனவே கையில் ஒரு கிலோ எடையைத் தாங்கத் தசை ஏழெட்டு மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். எலும்பிலுள்ள கொலாஜன் நார் இழுவிசையையும், கால்சியம் பாஸ்பேட் அழுத்தத்தையும் தாங்குகின்றன. கம்பியும் காரையும் சேர்ந்த தூணைப் போன்ற அமைப்பு இது. அந்தத் தூண் முறிந்தாலும் தசைகள் இழுப்பதை நிறுத்துவதில்லை. முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வது இதனால்தான். ஆகவே முதலில் இழுத்து நேராக்கிப் பின்னரே கட்ட வேண்டும்.

கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. அசையாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே மென்மையான இணைப்புத் திசு உருவாகிறது; அது சில வாரங்களில் எலும்பாக இறுகி, பின்னர் மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில், பழைய வடிவுக்குச் செதுக்கப்படுகிறது.

முதல் சில நாட்களே ஆபத்தானவை. வீக்கம் பெருகும் வேளையில் இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை செத்துவிடும். விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் அவ்வூனத்தை ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881இல் விளக்கினார். இப்னு சீனாவோ (கி.பி. 980–1037), முறிந்தவுடன் பத்தை வைத்து இறுக்காமல் ஐந்து நாட்கள் பொறுக்குமாறு முன்னரே அறிவுறுத்தியிருந்தார்.

இன்றும் வீக்கம் வடியும்வரை முழுக் கட்டைத் தள்ளிப்போடுவதுண்டு. திருவண்ணாமலையிலும் முண்டியம்பாக்கத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே கட்டுகின்றனர். எவர் கட்டியதாயினும், விரல்கள் வெளுத்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது வலி பொறுக்க இயலாததாயினாலோ, விடியட்டும் என்று எண்ணாமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் சென்று கட்டைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.