பிரிண்டர் புராணம்

வீட்டில் இருக்கிற சாமான்களிலேயே அதிகம் திட்டு வாங்குவது எது என்று போட்டி வைத்தால் பிரிண்டர்தான் ஜெயிக்கும். மிக்ஸி ஓடவில்லை என்றால் காரணம் தெரிந்துவிடும். பிரிண்டர் அப்படியில்லை. பேப்பர் இருக்கும், இங்க் இருக்கும், ஒயரும் சரியாக இருக்கும், பச்சை விளக்குகூட எரியும். கம்ப்யூட்டர் மட்டும் 'ஆஃப்லைன்' என்று சாதிக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தக் கதை. இங்கே பூசாரியின் பெயர் டிரைவர். அவர் நடுவில் வந்து உட்கார்ந்த வரலாறு சுவாரசியமானது.

லேசர் பிரிண்டர் ஆரம்பத்திலிருந்தே பலர் பகிர்ந்துகொண்ட சாதனம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் கேரி ஸ்டார்க்வெதர் 1971 வாக்கில் அதை உருவாக்கினார். அங்கேயே பாப் மெட்காஃப் 1973-ல் ஈதர்நெட்டை யோசித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஆளுக்கொரு மேஜையில் இருந்த ஆல்டோ கம்ப்யூட்டர்களை அந்த பிரிண்டரோடு இணைப்பது. ஆக, இன்று வீட்டு ரவுட்டரின் பின்னால் நாம் செருகும் ஈதர்நெட் ஒயருக்கே பிரிண்டர் ஒருவகையில் தாய்மாமன் முறை.

வீட்டுக்கு வந்த பிரிண்டரின் பாதை வேறு. சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970-ல் தன் பிரிண்டருக்காகச் செய்த இணைப்புதான், 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி. வழியாக நம் கம்ப்யூட்டர்களின் முதுகில் ஏறியது. அது பெரும்பாலும் ஒருவழிப் பாதை. எழுத்துகள் பிரிண்டருக்குப் போகும். திரும்பி வருவது 'கொஞ்சம் பொறு', 'பேப்பர் இல்லை' மாதிரி சில சைகைகள்தான். டாஸ் காலத்தில் வேர்ட்ஸ்டார், வேர்ட்பர்ஃபெக்ட் என்று ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று பிரிண்டர் பட்டியல் வைத்திருந்தது. விண்டோஸ் வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே டிரைவர் போதும் என்றானது. நல்ல விஷயம்தான். ஆனால் கோயில் சாவி மொத்தமும் ஒரே பூசாரியிடம் போய்விட்டது.

1984-ல் ஹெச்.பி. லேசர்ஜெட் வந்தது. 1985-ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர். விலை 6,995 டாலர். அந்த விலைக்கு ஆளுக்கொன்று வாங்க முடியுமா? அதனால் பல மேக்குகள் ஒயர் வழியாகப் பகிர்ந்துகொள்ளும்படி செய்தார்கள். அதற்குள் இருந்த ப்ராசசர் அன்றைய மேக்கில் இருந்ததைவிட வேகமானது. பிரிண்டருக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர்! அடோபியின் போஸ்ட்ஸ்க்ரிப்ட் மொழியில் சொன்னால் பக்கத்தை அதுவே வரைந்துகொள்ளும். அந்த மொழிக்கு அச்சிட்ட புத்தகமே உண்டு. வாங்கிப் படித்து யார் வேண்டுமானாலும் பேசலாம்.

பிறகு விலையைக் குறைக்கும் போட்டி. பிரிண்டருக்குள் இருந்த மூளையை எடுத்துவிட்டார்கள். பக்கம் வரைகிற வேலையை நம் கம்ப்யூட்டரே செய்யும், டிரைவர் அதை அந்தக் கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த ரகசிய மொழியில் அனுப்பும். தொண்ணூறுகளில் பரவிய ஜி.டி.ஐ. வகை பிரிண்டர்கள் இவைதான். அதனால்தான் மாதச் சம்பளக்காரனும் லேசர் பிரிண்டர் வாங்க முடிந்தது, மறுக்கவில்லை. ஆனால் டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் டப்பா.

இந்த ரகசியம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால், காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதின் மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரரைக் கேட்டால், யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று கைவிரித்தார். அந்தக் கோபம் தன்னை மாற்றியது என்று ஸ்டால்மன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1983-ல் அவர் அறிவித்ததுதான் க்னூ திட்டம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையை ஒரு பிரிண்டரிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

வீட்டில் பகிர்வது தனிக் கூத்து. விண்டோஸில் 1992-லிருந்தே பகிரும் வசதி உண்டு. ஆனால் பிரிண்டர் செருகியிருக்கும் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். இது 32 பிட், அது 64 பிட் என்றால் இரண்டுக்கும் தனித்தனி டிரைவர் வேண்டும். இதைச் சுலபமாக்க 2009-ல் விண்டோஸ் 7-ல் 'ஹோம்குரூப்' கொண்டுவந்தார்கள், 2018-ல் விண்டோஸ் 10-லிருந்து அவர்களே எடுத்துவிட்டார்கள். 2021-ல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. அதையும் அதைச் சேர்ந்த ஓட்டைகளையும் அடைக்க வந்த அப்டேட்டுகளில், நேற்றுவரை ஒழுங்காகப் பகிர்ந்துகொண்டிருந்த பிரிண்டர்கள் பல நின்றுபோயின. ஓட்டையை அடைக்க வேண்டியதுதான். கதவையும் சேர்த்து அடைத்துவிட்டால்?

பூனாவில் என் வீட்டில் ஒரு மலிவு லேசர் பிரிண்டர் இருக்கிறது, 2006-ல் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். ஊருக்குப் போக இ-டிக்கெட்டைத் தாளில் எடுத்துப்போக வேண்டியிருந்த காலத்தில், தீபாவளி நெருங்கினால் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பென் டிரைவோடு வரிசையில் நிற்கும். சில வருஷங்களில் புது விண்டோஸுக்கு டிரைவர் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்து, "மெஷின் கல்லு மாதிரி இருக்கு, ஆனா புதுசு வாங்கிடுங்க" என்றார் இந்தியில். உடம்பு நன்றாக இருக்கிறவனுக்கு இறப்புச் சான்றிதழ்!

காப்பாற்றியது கட்டற்ற மென்பொருள்தான். மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-ல் வெளிவந்த 'கப்ஸ்', லினக்ஸில் அச்சிடும் வேலையைப் பார்க்கிறது. ஆப்பிள் 2002-ல் அதைத் தன் மேக்கில் சேர்த்து, 2007-ல் விலைக்கே வாங்கியது. என் பிரிண்டரின் ரகசிய மொழியை யாரோ தன்னார்வலர்கள் பொறுமையாக அவிழ்த்து, இலவச டிரைவர் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு ராஸ்பெர்ரி பையில் இரண்டையும் போட்டேன். இப்போது வீட்டில் எல்லா கம்ப்யூட்டருக்கும், மகளின் போனுக்கும்கூட, அந்தக் கிழம் அச்சடிக்கிறது.

பூசாரியின் பிடியைத் தளர்த்தியதில் போனுக்குப் பெரிய பங்கு. போனில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் டிரைவர் ஏற்ற முடியாதே! 2010-ல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட், 2013-ல் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய மோப்ரியா, இரண்டுக்கும் அடியில் 1999-லேயே எழுதி வைத்த ஐ.பி.பி. என்ற பொது நெறிமுறை. மொழி பொதுவானதும் சண்டை பெருமளவு குறைந்தது.

எனவே மக்களே, அடுத்து பிரிண்டர் வாங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். தனி டிரைவர் இல்லாமல் அச்சடிக்குமா, ஏர்பிரிண்டோ மோப்ரியாவோ உண்டா என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் பெட்டியின் மேல் பாருங்கள். பொது மொழி தெரிந்த பிரிண்டர் என்றால், அதைச் செய்த கம்பெனி நாளைக்கு மறந்துவிட்டாலும் உங்கள் வீட்டில் அது வேலை செய்ய வழி இருக்கும்.