முதல் குன்றாத அறம்

ஆரணிக்கு அண்மையிலுள்ள திருமலையை அறியாத தமிழ்ச் சமணர் இலர். அங்குக் குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டொன்று உள்ளது. பெரும்பாணப்பாடி வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, நந்தாவிளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்ததை அது கூறுகிறது.

நந்தாவிளக்கு அணையாதது, அதற்கு வைக்கும் முதலும் குன்றலாகாது. ஆகவே, சோழர் காலத்தில் கொடைக்காசைச் செலவிடாமல் கடனாகக் கொடுத்து, வரும் பொலிசையால், அதாவது வட்டியால், அறம் நடத்தும் வழக்கம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் காசுகள் பல ஊர்ச் சபைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. வட்டி, ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு, நூற்றுக்கு 12½. ஓரூரின் ஏரி வற்றினும் மற்றோரூரின் வட்டி வந்து சேரும்.

விளக்குக்கு விட்ட ஆடுகளோ 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. இறந்த ஆட்டுக்கு ஈடு வைத்து எண்ணிக்கையைக் காப்பது இடையர் கடமை. அதனால் விளக்கு காக்கப்பட்டது. நோயால் மந்தை அழிந்தால் வரும் இழப்பு முழுவதும் இடையர் தலையில் விழுந்தது.

அந்தச் சுமை இன்றும் நீங்கவில்லை. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. 1992இல் நபார்டு வங்கி மகளிர் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. ஆந்திரத்தில் பல நிறுவனங்கள் ஒரே குடும்பங்களுக்கு மேன்மேலும் கடன் கொடுத்தன. 2010இல் அவசரச் சட்டம் வந்தது. வசூல் முடங்கிக் கடன் கொடுத்தோரும் தளர்ந்தனர்.

ஆரணியின் நெசவாளர்க்குச் சேலையை அறுத்துக் கொடுத்த பின்னரே கூலி; தவணையோ வாரந்தோறும் வருகிறது. கச்சாப் பட்டின் விலை ஏறினால் பாவு குறைகிறது; தெருவின் தறிகள் ஒருங்கே நிற்கின்றன. குழுவினர் அனைவரும் தறிக்காரராயின், ஒருவர்க்கொருவர் பிணை நிற்பதால் பயன் என்ன?

ஆதலின், கடன் வழங்க முன்வரும் நம் அறக்கட்டளைகள் நெசவு, உழவு, கறவை, சிறு கடை எனப் பல தொழிலோர்க்கும் பிரித்து வழங்குதல் நன்று. தவணை, சேலை அறுக்கும் நாளையும் அறுவடையையும் ஒட்டி அமைதல் வேண்டும். வட்டியில் ஒரு பகுதி, தறி நிற்கும் காலத்துக்கென ஒதுக்கப்படல் வேண்டும்.

பொருளுக்கு எல்லை வகுப்பது ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. வட்டிக்கும் அவ்வெல்லை உண்டு. விளக்கோடு இடையரும் காக்கப்படுவதே நமக்குரிய அறம்.