தார் பாலைவனத்தில் கோடை வெப்பமும் பருவமழை முன்கணிப்பும்

தார் பாலைவனம் இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலும் பாகிஸ்தானின் சிந்து, பஞ்சாப் மாகாணங்களின் சில பகுதிகளிலும் பரவியுள்ளது. இதன் பரப்பு சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆண்டு மழையளவு மேற்கில் 100 மில்லிமீட்டரை ஒட்டியும் கிழக்கில் 500 மில்லிமீட்டர் வரையும் அமைகிறது. இதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்வது. கோடை எவ்வளவு கடுமையாக இருக்கும், மழை எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிவது இங்கு மனிதர், கால்நடை இரண்டின் உயிரோடும் தொடர்புடைய கேள்வியாக நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது.

வெப்பமும் மழையும்

ஏப்ரல் முதல் ஜூன் வரை தார் நிலப்பரப்பு கடுமையாகச் சூடாகிறது. 'லூ' எனப்படும் அனல்காற்று பகல் முழுதும் வீசும். பலோடி நகரில் 2016 மே 19 அன்று 51.0 பாகை செல்சியசு வெப்பம் பதிவானது. அதற்கு முன் இந்தியாவின் உச்சமாக இருந்தது 1956 இல் ஆல்வாரில் பதிவான 50.6 பாகை.

இந்த வெப்பத்தால் பாலைவனத்தின் மீது காற்றழுத்தம் குறைகிறது. நிலமும் கடலும் வேறுவேறு அளவில் சூடாவதே பருவக்காற்றுக்குக் காரணம் என்று எட்மண்ட் ஹாலி 1686 இல் விளக்கினார். அந்த விளக்கத்தின்படி பார்த்தால், காற்றழுத்தம் மிகக் குறைந்த தாரில்தான் மழை மிகுதியாகப் பெய்ய வேண்டும். ஆனால் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆரவல்லி மலைத்தொடர் அரபிக்கடல் காற்று செல்லும் திசையிலேயே அமைந்திருப்பதால் அக்காற்றைத் தடுத்து மேலெழச் செய்வதில்லை. வங்கக்கடல் காற்று இங்கு வந்து சேர்வதற்குள் ஈரத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. தரையை ஒட்டி மெல்லிய அடுக்காக ஈரக்காற்று இருந்தாலும், அதன் மேல் மேற்கிலிருந்து வரும் உலர்ந்த சூடான காற்று மூடிபோல் அமர்ந்து முகில் வளர்வதைத் தடுக்கிறது.

மக்கள் வழக்கில் மழைக் குறிகள்

சூரியன் ரோகிணி நட்சத்திரத்தில் நுழையும் மே 25 வாக்கில் தொடங்கும் ஒன்பது நாட்கள் 'நௌதபா' எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் அக்னி நட்சத்திரம் முடியும் தறுவாயில் அங்கு நௌதபா தொடங்குகிறது. இந்த ஒன்பது நாளும் வெயில் குறையாமல் காய்ந்தால் மழை நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. ஆள்காட்டிப் பறவை மேட்டில் முட்டையிட்டால் மழை மிகும் என்றும் கூறுவர்.

ஆயினும் மக்கள் இக்குறிகளை மட்டும் நம்பி வாழவில்லை. மழை பொய்க்கும் என்று எண்ணியே ஏற்பாடுகளைச் செய்தனர். வீட்டு முற்றத்தில் விழும் நீரைத் 'தாங்கா' எனும் நிலத்தடித் தொட்டியில் சேர்த்தனர். ஜெய்சல்மேர்ப் பகுதியில் பாலிவால் சமூகத்தினர் 'கடீன்' முறையை வளர்த்தனர். பாறைச் சரிவிலிருந்து வழியும் நீரை மண்கரையால் மறித்து நிலத்தில் ஊறவிட்டு, அந்த ஈரத்தில் குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் பயிரிடுவது இம்முறை. இவையும் போதாத ஆண்டுகளில் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு மாளவம் போன்ற வளமான பகுதிகளுக்குப் புலம்பெயர்ந்தனர்.

அரசு முன்கணிப்பின் தொடக்கம்

இந்திய வானிலைத் துறை 1875 இல் நிறுவப்பட்டது. ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவர். தென்னிந்தியாவில் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரப்படும 1876–78 பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதை முன்னரே அறிய வேண்டிய தேவையை அரசு உணர்ந்தது. இமயமலையில் பனி மிகுந்தால் அடுத்துவரும் பருவமழை குறையும் என்ற தொடர்பை பிளான்போர்டு 1884 இல் வெளியிட்டார். 1886 ஜூன் 4 அன்று முறையான பருவமழை முன்கணிப்பு தொடங்கியது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் எலியட் மேலும் பல காரணிகளைச் சேர்த்து விரிவான அறிக்கைகளை வெளியிட்டார்.

சப்பனியா பஞ்சம்

1899 இல் எலியட் நல்ல மழையை எதிர்பார்த்தார். ஆனால் அவ்வாண்டு மழை பெரும் அளவில் பொய்த்தது. விக்ரம ஆண்டு 1956 இல் வந்ததால் இப்பஞ்சம் ராஜஸ்தானில் 'சப்பனியா அகால்', அதாவது ஐம்பத்தாறின் பஞ்சம், எனப்படுகிறது. உணவு, நீர், தீவனம் மூன்றும் ஒருசேர இல்லாமற்போவதை அங்குள்ளோர் 'திரிகால்' என்பர். சப்பனியா அத்தகையது.

வழக்கம்போல் மக்கள் கால்நடைகளோடு மாளவம் நோக்கிச் சென்றனர். ஆனால் அங்கும் மழை பெய்திருக்கவில்லை. பஞ்சம் ஒரு வட்டாரத்தோடு நிற்கும்வரையே புலம்பெயர்தல் காப்பாக இருந்தது. பரந்த நிலப்பரப்பெங்கும் வறட்சி நேர்ந்தபோது அது பயனளிக்கவில்லை. கால்நடைகள் பெருமளவில் மடிந்தன. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராஜபுதனத்தின் மக்கள்தொகை பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

பிகானேர் மன்னர் கங்கா சிங் இப்பஞ்சத்துக்குப் பின் சட்லஜ் ஆற்று நீரைப் பாலைவனத்துக்குக் கொண்டுவர முயன்றார். அவ்வாறு அமைந்த கங்கைக் கால்வாய் 1927 இல் திறக்கப்பட்டது. இன்று இந்திரா காந்தி கால்வாய் எனப்படும் ராஜஸ்தான் கால்வாயின் பணி 1958 இல் தொடங்கியது.

வாக்கரின் ஆய்வு

எலியட்டுக்குப் பின் 1904 இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் கில்பர்ட் வாக்கர் வானிலைத் துறையின் தலைவரானார். அவர் உலகின் பல இடங்களின் காற்றழுத்த, வெப்ப, மழைப் பதிவுகளைத் திரட்டி, இந்திய எழுத்தர்களைக் கொண்டு அவற்றுக்கிடையிலான தொடர்புகளைக் கணக்கிட்டார். இதன் விளைவாகப் பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கண்டு 'தென் அலைவு' என்று பெயரிட்டார். இது எல் நினோவுடன் இணைந்தது என்பதை ஜேக்கப் பியர்க்னஸ் 1969 இல் விளக்கினார்.

இந்தியா முழுமைக்கும் ஒரே கணிப்பு போதாது என்பதையும் வாக்கர் உணர்ந்தார். ராஜஸ்தானை உள்ளடக்கிய வடமேற்கு இந்தியாவுக்கும் தீபகற்பத்துக்கும் தனித்தனிக் கணிப்புகள் வெளியாயின. இந்த முறை 1987 வரை நீடித்தது.

புழுதிப்புயலும் வெள்ளமும்

பருவமழைக்கு முன் இடிமுகில்களிலிருந்து வேகமாக இறங்கும் குளிர்காற்று தரைப்புழுதியை வாரி எழுப்புகிறது. இவ்வாறு உருவாகும் புழுதிப்புயல் 'ஆந்தி' எனப்படுகிறது. 2018 மே 2 அன்று வீசிய புயல்களில் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய புயலைச் சில மணி நேரத்துக்கு முன்புதான் உறுதியாகக் கூற முடியும்.

2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் ஓராண்டு மழையைவிட அதிகமான மழை சில நாட்களில் பெய்தது. கவாஸ் முதலிய ஊர்கள் மூழ்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மண்ணுக்கடியில் இருந்த ஜிப்சம் படிவு நீரை உறிஞ்சவிடாததால் வெள்ளம் நெடுநாள் வடியாமல் நின்றது. 2023 ஜூன் 15 அன்று குஜராத்தில் கரையைக் கடந்த பிபர்ஜாய் புயல், பருவமழை தொடங்கும் முன்பே பார்மேர், ஜாலோர் பகுதிகளில் கனமழையைக் கொண்டுவந்தது.

இன்றைய நிலை

2002 இல் நாடு முழுவதும் இயல்பான மழை பெய்யும் என்று கணிக்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டு ஜூலை மழை ஏறத்தாழ இயல்பில் பாதியாகக் குறைந்தது. இதையடுத்துக் கணிப்பு முறைகள் மாற்றப்பட்டன. 2020 இல் வானிலைத் துறை தன் நாட்காட்டியையும் திருத்தியது. மேற்கு ராஜஸ்தானிலிருந்து பருவமழை விலகத் தொடங்கும் இயல்பு நாள் செப்டம்பர் 1 என்பதிலிருந்து செப்டம்பர் 17 ஆனது. இது அறுவடைக் காலத்து மழையைப் பற்றி உழவர்கள் மறுபடி எண்ண வேண்டிய மாற்றம்.

நாட்டின் சராசரி மழை இயல்பாக அமையும் ஆண்டிலும் தாரில் வறட்சியோ வெள்ளமோ நேரலாம். ஜெய்சல்மேரில் ஓரிரு நாள் மழையே ஓராண்டின் கணக்கை மாற்றிவிடும். முன்கணிப்பு வளர்ந்த பின்னும் அங்கு தாங்காக்களும் கடீன்களும் வழக்கொழியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.