கற்பிட்டியின் காசிச்செட்டியும் கனமூலை மாணவியின் கேள்வியும்

புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மதுரங்குளியை அண்டி அமைந்த ஊர் கனமூலை. அங்கே எனக்கு நெடுநாளைய நண்பர் ஒருவர் இருக்கின்றார். அண்மையில் அவரது வீட்டு முற்றத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அவரது மகள் ஒரு கேள்வியைத் தொடுத்தாள். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியெய்தி, உயர்தரத்திற்கு எந்தப் பிரிவைத் தெரிவது என்று தடுமாறிக்கொண்டிருப்பவள் அவள்.

"மாமா, கலைப்பிரிவு படிச்சா வேலை இல்ல எண்டு வாப்பா சொல்றாங்க. டீச்சர் அரசியல் விஞ்ஞானத்தையும் ஒரு பாடமா எடுக்கச் சொல்றாங்க. அரசியலே பொய்யெண்டு ஆகிட்ட பிறகு, அதப் படிச்சு என்ன செய்ய?"

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைகளில் அரசியல் செய்தி எழுதியவனுக்கு இக்கேள்வி சற்றுச் சுடத்தான் செய்தது. உடனே விடை சொல்ல முடியவில்லை. வீடு திரும்பிய பின்னர் யோசித்ததை இங்கே எழுதுகின்றேன்.

அவளது அவநம்பிக்கைக்குக் காரணங்கள் உண்டு. புத்தளம் மாவட்டத்திலிருந்து முஸ்லிம் ஒருவர் நாடாளுமன்றத்திற்குத் தெரிவாகாமலே மூன்று தசாப்தங்கள் கழிந்தன. 2020 இல் அந்த ஏக்கம் தீர்ந்தது. ஊரே கொண்டாடியது. ஆனால் அவ்வாறு தெரிவானவர் 2023 மே மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்துடன் சுங்க அதிகாரிகளிடம் பிடிபட்டு, 75 இலட்சம் ரூபா தண்டம் செலுத்தினார். வடமேல் மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன் பின் அதற்குத் தேர்தலே நடைபெறவில்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 79 சதவீதமானோர் வாக்களித்தனர். இரண்டே மாதங்களில் வந்த பொதுத் தேர்தலில் அது 69 சதவீதமாகச் சரிந்தது.

எனினும், அந்த மாணவியின் வீட்டிலிருந்து களப்புக்கு அப்பால் வடமேற்கே கிடக்கும் கற்பிட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1807 இல் அங்கே பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. அரசாங்க சேவையில் படிப்படியாக உயர்ந்து, 1838 இல் சட்டநிரூபண சபையில் தமிழர்களுக்கான உறுப்பினராக நியமனம் பெற்றார். அன்றைய இலங்கையில் ஒரு தமிழர் எட்டக்கூடிய மிக உயர்ந்த அரசியல் ஆசனம் அதுவே. 1845 இல் அதைத் துறந்து, பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகக் கடமையாற்றி, 1860 இல் மறைந்தார்.

சபையிலே அவர் பேசியவற்றை இன்று தேடிப் படிப்பவர் எத்தனை பேர்? ஆனால் 1834 இல் அவர் வெளியிட்ட இலங்கை பற்றிய ஊர் விவரத் தொகுதியும், 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூட்டார்க்' நூலும் இன்றும் ஆய்வாளர் கைகளில் உள்ளன. ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் திரட்டித் தந்த அந்நூல், தமிழ் இலக்கிய வரலாறு என்னும் துறைக்கே ஒரு முன்னோடி. அதில் தவறுகள் உண்டு. பின்வந்தோர் திருத்தியும் உள்ளனர். திருத்துவதற்கு ஒரு நூல் இருந்தது என்பதே அவரது சாதனை. பதவி ஏழாண்டுகளில் முடிந்தது. ஏடுகளைத் தேடிய உழைப்போ ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பயன் தருகின்றது.

இரண்டாவது கதை, தேர்தல் பற்றியது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவை இலவசக் கல்வியின் தந்தை என்கின்றோம். 1945 ஒக்டோபரில் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாசல் வரை வழி திறந்தது. அடுத்த பொதுத் தேர்தலிலேயே, 1947 இல், மத்துகம தொகுதியில் அவர் தோல்வியுற்றார். 1952 இல் மீண்டும் நாடாளுமன்றம் சென்றபோதும் கல்வி அமைச்சு அவரிடம் திரும்பி வரவில்லை. உள்ளூராட்சி அமைச்சே கிடைத்தது.

அவரை மத்துகமவில் வென்றவர் யார் தெரியுமா? வில்மட் ஏ. பெரேரா. சாந்திநிகேதனத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்து, அதே மாதிரியில் ஹொரணையில் 'ஸ்ரீபாளி' என்னும் கலைக்கூடத்தை நிறுவியவர். 1934 மே 20 ஆம் திகதி அதற்கு அடிக்கல் நாட்டியவர் மகாகவி தாகூர். கல்விக்கு உழைத்தவரைக் கலைக்கல்விக்கு உழைத்தவர் தோற்கடித்தார்! வாக்குச்சீட்டு இத்தகைய வினோதங்களையும் செய்யும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அத்தேர்தலின் வெற்றியும் தோல்வியும் மறந்துபோயின. இலவசக் கல்வியும் நிலைத்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக ஸ்ரீபாளியும் நிலைத்தது.

மூன்றாவது கதை துயரமானது. சாந்திநிகேதனத்தில் பயின்று திரும்பிய ஆனந்த சமரக்கோன் 1940 இல் இயற்றிய பாடல், 1951 இல் நாட்டின் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. இரு பிரதமர்களின் மரணத்தின் பின்னர், பாடலின் முதலெழுத்து அபசகுனம் என்று சிலர் கிளப்பிவிட்டனர். 1961 இல் அவரது சம்மதமின்றியே தொடக்கச் சொற்களை அரசாங்கம் மாற்றியது. மறு ஆண்டு ஏப்ரலில் அக்கலைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். புலவர் மு. நல்லதம்பி தமிழில் ஆக்கிய அதே கீதம், 2016 சுதந்திர தின விழாவில் பாடப்பட்டது. 2020 விழாவில் பாடப்படவில்லை. ஒரு பாடலின் முதலெழுத்தையும் மொழியையும் கண்டு ஆட்சியாளர் அஞ்சுகின்றனர் என்றால், கலை வீண் என்று நாம் எவ்வாறு கூறுவது?

நண்பரின் கவலையையும் நான் அலட்சியம் செய்யவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இறங்கியவர்களில் படித்தும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞர்கள் ஏராளம். அதே ஆண்டில் டட்லி சீர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனக் குழு, இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் கிடைக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை எனச் சுட்டிக்காட்டியது. அந்த இடைவெளி இன்னும் மூடப்படவில்லை. கிராமப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. ஆகவே பிள்ளைகள் விரும்பியோ விரும்பாமலோ கலைப்பிரிவுக்குள் தள்ளப்படுகின்றனர். வழியற்றவர்களின் புகலிடமாகக் கலைக்கல்வியை ஆக்கிவிட்டு, பின்னர் அதையே குறை கூறுவது நீதியாகாது. இக்குற்றம் பாடத்தினுடையதன்று, வசதிகளைப் பங்கிட்டவர்களுடையது.

நல்லாசிரியர் வாய்த்தால் அப்பாடம் என்ன செய்யும் என்பதற்குப் பேராதனை சாட்சி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடப்பட்டதைச் சுருக்கி, 1964 இல் 'இராவணேசன்' அளித்தார். அதில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பாமரர் கலை என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றை நாடே எழுந்து நின்று பார்த்தது.

இனி அந்த மாணவிக்கு என் விடை. மகளே, அரசியல் பொய்யென்று நீ கண்டுகொண்டாய் அல்லவா? வரலாறும் இலக்கியமும் படித்தால், எந்தப் பொய் எங்கே தொடங்கியது, யார் இலாபமடைந்தார், யார் எதிர்த்து நின்றார் என்பதையும் நீ கண்டுகொள்வாய். வெறுத்து ஒதுங்குபவரை அரசியல்வாதிகள் விரும்புகின்றனர். கேள்வி கேட்கப் பழகியவரைத்தான் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. கூடவே ஆங்கிலமும் கணினியும் கற்றுக்கொள். வாப்பாவின் கவலையும் ஓரளவு தணியும்.

தெரிவு அவளுடையது. அடுத்த முறை கனமூலைக்குப் போகும்போது, காசிச்செட்டியின் நூற்பிரதி ஒன்றை அவளுக்காக எடுத்துச் செல்ல எண்ணியுள்ளேன். தன் ஊர்க் களப்பின் அக்கரையில் பிறந்த ஒருவர் எழுதியது என்பதை அவள் அறிய வேண்டும்.