மானைக் காக்கச் சட்டம் மட்டும் போதுமா? ஜொகூர் காடு சொல்லும் வரலாறு

கஞ்சில் என்றதும் மலேசியத் தமிழர் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கார்தான். 1994-ல் பெரோடுவா நிறுவனம் வெளியிட்ட அந்தச் சின்னக் கார்தான் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார். ஆனால் அந்தப் பெயருக்கு உண்மையான சொந்தக்காரன் காட்டில் இருக்கும் சருகுமான். முயல் அளவே உள்ள சிறிய பிராணி. வேட்டைக்கு வந்த பரமேஸ்வராவின் நாயை ஒரு சருகுமான் ஆற்றில் உதைத்துத் தள்ளியதாகவும், அதைப் பார்த்து வியந்தே அவர் அந்த இடத்தில் மலாக்காவை அமைத்ததாகவும் கதை உண்டு.

அந்த மலாக்கா 1511-ல் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது. அதன் அரச வம்சம் தெற்கே நகர்ந்து 1528-ல் ஜொகூர் சுல்தானகத்தை நிறுவியது. ஆகவே, ஜொகூரின் வம்சக் கதையே ஒரு வேட்டையிலும் ஒரு மானிலும்தான் தொடங்குகிறது. அதே ஜொகூரில் இன்று மான் வேட்டை என்றாலே வழக்கு, அபராதம், சிறை என்ற பேச்சுதான். இந்த நிலை எப்படி வந்தது?

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் இரண்டு வகைச் சருகுமான்கள் உண்டு. உயிரியல் கணக்கில் அவை உண்மையான மான் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. உண்மையான மான்கள் இரண்டுதான். ஒன்று, மலாய்க்காரர்கள் கீஜாங் என்று அழைக்கும் கேளையாடு. ஆபத்து வந்தால் நாய் குரைப்பதுபோல் குரல் கொடுக்கும். மற்றொன்று ரூசா. தமிழில் இதைக் கடமான் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மிளா என்பார்கள். வளர்ந்த ஆண் 200 கிலோவையும் தாண்டும். இந்தக் கதை பெரும்பாலும் இந்த மிளாவைப் பற்றியதுதான்.

வேட்டைக்கு ஏன் பருவம்?

வேட்டைக்குப் பருவம் வகுப்பது குளிர் நாடுகளில் வளர்ந்த பழக்கம். அங்கே மான்கள் இலையுதிர் காலத்தில் இணை சேரும். வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் வேளையில் குட்டி போடும். குட்டி பாலருந்தும் மாதங்களில் வேட்டையை மூடிவிட்டு, இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் மட்டும் திறந்து விட்டால் போதும், மந்தை தப்பித்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் எல்க் என்ற பெரிய மான் இதற்கு நல்ல சான்று. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கணக்கின்றிச் சுட்டதால், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் எண்ணிக்கை 1 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதன் பிறகு மாநில அரசுகள் மந்தைகளை எண்ணத் தொடங்கின. இந்த ஆண்டு இந்த வட்டாரத்தில் இத்தனை ஆண், இத்தனை பெண் என்று அனுமதிச் சீட்டு கொடுத்தன. 1937-ல் வந்த ஒரு சட்டம், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பியது. இன்று அங்கே சுமார் 10 லட்சம் எல்க் மான்கள் உள்ளன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே முதலில் எண்ணினார்கள், பிறகுதான் வேட்டையைத் திறந்தார்கள்.

தமிழ் மண்ணுக்கும் இது புதிதல்ல. நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர்கள் மிளாவையும் வரையாட்டையும் சுட்டுத் தீர்த்த பிறகு, அவர்களே பயந்துபோய் 1877-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879-ல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்றே வேட்டைப் பிராணிகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. வேட்டை மூடிய காலம், உரிமம், அபராதம் எல்லாம் அதில் வந்துவிட்டன.

ஆனால் ஜொகூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. இங்கே வசந்தமும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. மிளா எந்த மாதத்திலும் குட்டி போடும். பெண் மிளா சுமார் 8 மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் ஈனும். எந்த மாதத்தில் வேட்டையைத் திறந்தாலும் ஏதோ ஒரு பெண் மான் சினையாகத்தான் இருக்கும். அதனால் காலண்டரை மட்டும் நம்பி இங்கே மானைக் காக்க முடியாது. எத்தனை பேருக்கு உரிமம், எந்த மானைச் சுடலாம், எந்த மானைச் சுடக்கூடாது என்பதுதான் இங்கே முக்கியம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு காட்டில் 60 மான்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 50 பெண், 10 ஆண் என்றால் ஆண்டுக்கு 50 குட்டிகள் வரை கிடைக்க வாய்ப்புண்டு. அதுவே 10 பெண், 50 ஆண் என்றால் கிடைப்பது 10 குட்டிகள்தான். இதனால்தான் பெண் மானைக் கொல்வதை மலேசியச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

வேட்டைக்காரரே காவலரான கதை

ஜொகூரை 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் புகழ்பெற்ற புலி வேட்டைக்காரர். அந்தக் காலத்தில் வேட்டை என்பது அரசருக்கும் வெள்ளைக்காரத் துரைக்கும் வீரம், கிராமத்தானுக்குக் கறி. விலங்கு தீரும் என்று யாரும் நினைக்கவில்லை.

அப்படி நினைத்த ஒருவர் தியோடோர் ஹப்பேக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹப்பேக்கின் சகோதரர். யானையையும் காட்டெருமையையும் வேட்டையாடிய அனுபவங்களை 1905-ல் நூலாகவே வெளியிட்டவர். அதே மனிதர் பின்னாளில் பகாங்கின் கௌரவ வனவிலங்குக் காவலரானார். அப்போது ரப்பர் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. இளங்கன்றுகளை மானும் பன்றியும் யானையும் அழிப்பதாகத் தோட்ட முதலாளிகள் புகார் சொன்னார்கள். சுட அனுமதி கேட்டார்கள். கூடாது என்றார் ஹப்பேக்.

இந்தத் தகராறு முற்றி, 1930-ல் மலாயா வனவிலங்கு ஆணையம் அமைக்கப்பட்டது. ஹப்பேக்கே அதன் ஆணையர். 1932-ல் அவருடைய அறிக்கை மூன்று தொகுதிகளாக வந்தது. உரிமமும் அபராதமும் மட்டும் போதாது, விலங்குக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிய காடு வேண்டும் என்பது அவர் வாதம். 1930-களின் இறுதியில் அமைந்த, இன்று தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்கா அந்த உழைப்பின் பலன். ஜொகூரிலும் 1933-ல் எண்டாவ் - குளுவாங் வனவிலங்குக் காப்பகம் அறிவிக்கப்பட்டது.

பிறகு ஜப்பானியர் ஆட்சி, அடுத்து 1948 முதல் 1960 வரை அவசரகாலம். 1955-ல் மலாயாக் கூட்டமைப்பு முழுவதற்கும் வனவிலங்கு, பறவைகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் காட்டுக்குள் துப்பாக்கியோடு போவதே உயிருக்கு ஆபத்தான காரியம். அனுமதியில்லாத ஆயுதம் கையில் இருந்தால் மரண தண்டனை வரை உண்டு.

1972: ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

1972-ல் நாடாளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலந்தோறும் தனித்தனியாக இயங்கிய வனவிலங்கு இலாகாக்கள் ஒரே துறையாயின. அதுதான் பெர்ஹிலித்தான். மிளாவும் கேளையாடும் உரிமம் பெற்று மட்டுமே வேட்டையாடக்கூடிய விலங்குகளாயின. இந்தியாவும் அதே 1972-ல்தான் தன் வனவிலங்குச் சட்டத்தைக் கொண்டு வந்தது என்பது சுவாரஸ்யமான ஒற்றுமை.

அதே ஆண்டில்தான் கெஜோரா எனப்படும் ஜொகூர் தென்கிழக்கு மேம்பாட்டு வாரியமும் சட்டப்படி உருவானது. அடர்ந்த சமவெளிக் காட்டை அழித்துச் செம்பனையும் ரப்பரும் புதிய ஊர்களும் அமைப்பது அதன் வேலை. நிலமில்லாத ஏழைகளுக்கு அது வாழ்வு தந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மிளாவுக்குப் பிடித்ததும் அதே சமவெளிக் காடுதான்; ஆற்றோரம், புல்வெளி, உப்பு மண் கிடைக்கும் இடம். ஒரு கை மானுக்கு உரிமச் சட்டம் எழுதியது. இன்னொரு கை மானின் வீட்டை அளந்து பங்கு போட்டது.

காடு சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாடான தாய்லாந்தே சாட்சி. அங்கே சதுப்பு நிலச் சமவெளியில் வாழ்ந்த ஷோம்பர்க் மான், நெல் வயல்கள் பரவியதால் இடமிழந்தது. வெள்ளக் காலத்தில் மேடுகளில் ஒதுங்கிய மந்தைகளை வேட்டைக்காரர்கள் சூழ்ந்து கொன்றார்கள். கடைசி மான் 1938-ல் இறந்தது.

ஜொகூரிலும் எச்சரிக்கை மணி அடித்தது. 1977-ல் எண்டாவ் ரொம்பின் காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது நாடே எதிர்த்துக் குரல் எழுப்பியது. 1985-86-ல் மலாயா இயற்கைக் கழகம் அங்கே பெரிய அறிவியல் பயணம் நடத்திக் காட்டின் மதிப்பை மக்களுக்குக் காட்டியது. 1993-ல் ஜொகூர் பகுதியில் 48,905 ஹெக்டர் தேசியப் பூங்காவாக அரசிதழில் வந்தது. ஹப்பேக் கேட்ட நிரந்தரக் காடு, ஜொகூருக்கு 60 ஆண்டு கழித்துக் கிடைத்தது.

புகைப்படம் சொன்ன உண்மை

காடு கிடைத்தது. மான் இருக்கிறதா? அதை யாரும் சரியாக எண்ணவில்லை. உரிமம் கொடுத்த கணக்கு அலுவலகத்தில் இருந்தது. மான் கணக்கு இல்லை.

1990-களின் இறுதியிலிருந்து புலி ஆய்வாளர்கள் காட்டில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டினார்கள். விலங்கு கடந்தால் தானே படம் எடுக்கும் கருவி. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பல காடுகளில் கிடைத்த படங்களை ஒன்று சேர்த்துப் பார்த்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. காட்டுப்பன்றியும் கேளையாடும் பல இடங்களில் தென்பட்டன. மிளாவோ அரிதாகிவிட்டிருந்தது.

இது மானோடு முடியும் விஷயமல்ல. ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான் அளவிலான இரை வேண்டும். மிளா போனால் புலி பட்டினி கிடக்கும்; அல்லது ஊருக்குள் மாட்டைத் தேடி வரும். 2020-க்குள் 1,000 புலிகள் என்ற இலக்கோடு 2008-ல் தேசியப் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 2022-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு முடிவோ, காட்டில் 150-க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாகச் சொன்னது.

ஆய்வாளர்கள் ஆதாரத்தோடு கதவைத் தட்டியதன் பலனாக, 2009-ல் மிளா, கேளையாடு வேட்டை உரிமங்களை பெர்ஹிலித்தான் நிறுத்தியது. முதலில் 2015 வரை என்று அறிவித்த தடை பின்னர் 2021 வரை நீட்டிக்கப்பட்டது. நடுவில், 2010-ல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்பிக் கண்ணி வைப்பது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றமானது. 2022-ல் திருத்தம் வந்து, மிகக் கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 10 லட்சம் வெள்ளி வரையும், சிறை 15 ஆண்டு வரையும் உயர்ந்தது.

யாருக்குத் தடை?

இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. உரிமம் வாங்கி வேட்டையாடியவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். தடை வந்ததும் அவர் துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டார். இரவில் கண்ணி வைப்பவனுக்கு உரிமமும் ஒன்றுதான், தடையும் ஒன்றுதான். கண்ணி ஆண், பெண் பார்க்காது. சினையா, குட்டியா என்றும் பார்க்காது. அதனால் எண்டாவ் ரொம்பினில் ரோந்து சென்று கண்ணிகளை அகற்றும் வேலை, சட்டப் புத்தகத்தைவிட முக்கியமாகிவிட்டது.

பூங்காவின் ஓரத்தில் கம்போங் பெத்தாவில் வாழும் ஜக்குன் பூர்வகுடியினரையும் மறந்துவிட முடியாது. காடு அவர்களுக்குச் சந்தையும் மருந்துக்கடையும். குடும்ப உணவுக்காக மட்டும், விற்பனைக்கு அல்லாமல், குறிப்பிட்ட சில விலங்குகளைப் பிடிக்கப் பூர்வகுடியினருக்கு 2010 சட்டம் இடம் கொடுக்கிறது. மானைத் தீர்த்தது அவர்களின் அடுப்பு அல்ல. விலை கொடுத்து வாங்கும் தூரத்து மேசைகள்தான் தீர்த்தன.

அந்த மேசைகளில் நம் வீட்டு மேசையும் ஒன்றாக இருக்கலாம். பண்ணையில் வளர்த்த மானின் இறைச்சி சட்டப்படி விற்கப்படுகிறது. அதன் பெயரில் காட்டு மானும் கலந்து வந்தால், தட்டில் விழுந்த பிறகு வித்தியாசம் தெரியாது. கடைக்காரரிடம், "இது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பதில் தெளிவாக இல்லையென்றால் கோழியோ மீனோ சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஹப்பேக் ஆணையம் வைத்துப் போராடிய காரியத்தில் சாதாரணக் குடும்பம் ஒன்று செய்யக்கூடியது இதுதான். அதைச் செய்தால், அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு ரூசா என்பது காரைப் போல வெறும் பெயராகிப் போகாது.